வாலாட்டி வந்த வாரத்தில் ஒரு கட்டுத் தென்னோலை

என்னை அண்ணன் என்று நம்பியிருந்த ஒரு பெண்ணை, அவள் என் தங்கை இல்லை என்று மற்றவர்கள் முன்னிலையில் சொல்லித் திருப்பி அனுப்பியவன் நான். அவள் பெயர் பாக்கியம். அவளுடைய மகள் பெரியவளானபோது, தாய்மாமனாக வந்து நிற்கும்படி வெற்றிலைத் தட்டோடு என் வீட்டுக்கு வந்தாள். நான் போகவில்லை. போகாதது சிறிய குற்றம். சொன்னது பெரிய குற்றம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மேற்கொண்டு நான் எழுதப்போவதில் பாதி குருவிகளைப் பற்றியது. அதைப் படித்துவிட்டு, வயதான காலத்தில் இயற்கையை ரசிக்கும் நல்ல மனிதர் என்று யாரும் என்னைத் தவறாக எண்ணிவிடக் கூடாது.

மஞ்சூர் பஸ் நிலையத்தின் ஈரச் சிமெண்டுத் தரையில், ஆவணி மாதக் கடைசியில் ஒரு காலை, வாலாட்டிக் குருவி வந்து நிற்கும். முதுகு சாம்பல், வயிறு மஞ்சள், உடம்பைவிட நீளமான வால். அந்த வால் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். ஊட்டி பஸ்ஸுக்கு நிற்பவர்களின் செருப்புகளுக்கு நடுவே அது நடக்கும். கேரட் மூட்டை ஏற்றுகிறவர்கள் அதைத் தாண்டிப் போவார்கள். ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. முந்தின நாள் அது அங்கே இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் இது எனக்குப் பழகவில்லை. எங்கோ பனிமலைகளுக்கு அப்பாலிருந்து ஓர் உயிர் வந்து இறங்கியிருக்கிறது. 'எப்போது வந்தாய்' என்று கேட்க ஆளில்லை. என்னைப் போலக் கடல் தாண்டி இங்கே வந்தவர்களுக்கும், வராமல் அங்கேயே இலங்கையின் மலையகத்தில் தங்கிவிட்டவர்களுக்கும் இந்தக் குருவியை நினைவிருக்கும். தோட்டக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, பீலிக் குழாயில் தண்ணீர் விழும் இடத்தில், குளிக்கிற பெண்களின் சோப்பு நுரை ஓடும் கல்லில் இதே குருவி இதே போல வாலாட்டிக்கொண்டு நிற்கும். அங்கே அது ஐப்பசி பிறக்கும் வேளைக்குத்தான் வரும். இங்கே முன்னதாகவே வந்துவிடுகிறது. இங்கே இறங்கியவற்றில் எவை தங்குகின்றன, எவை இன்னும் தெற்கே பறந்து கடலைத் தாண்டுகின்றன என்று எனக்குத் தெரியாது. எங்களைப் பிரித்துக்கொண்டது போல அவற்றைப் பங்கு பிரித்துக்கொள்ள இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசவில்லை என்பது மட்டும் தெரியும்.

அது வந்த தினத்திலிருந்து நான் ஆற்றுக்கு நடக்கத் தொடங்குவேன். மஞ்சூரிலிருந்து தேயிலைச் சரிவு வழியாக இறங்கினால் குந்தா ஆற்றுக்குப் போகும் ஓடை ஒன்று பள்ளத்தாக்கின் அடியில் ஓடுகிறது. ஓடை என்று சொன்னாலும் மழைக்காலத்தில் ஆறுதான். அதன் குறுக்கே ஒரு ஒடுங்கிய பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் போஜன் என்ற படகர் ஒருவரின் உருளைக்கிழங்குத் தோட்டம். அந்தப் பக்கம் ஏறினால் வேறொரு எஸ்டேட். அதன் லயங்களில் கடைசி வீடு பாக்கியத்தினுடையது. ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொரு ஆவணியிலும் நான் பாலம் வரைக்கும் போவேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு குருவி பார்ப்பேன். பிறகு திரும்பிவிடுவேன். பெங்களூரில் இருக்கும் என் மகன் நான் பறவைப் பைத்தியம் என்று நம்பி ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்தான். அதைக் கொண்டு வாலாட்டியின் வெள்ளைப் புருவக் கோட்டைப் பார்த்தது உண்மை. அந்தப் பக்கத்துக் கடைசி வீட்டு வாசலைப் பார்த்ததும் உண்மை. அவள் கணவன் முத்தையா இறந்தபோது வாசலில் கூடிய கூட்டத்தை அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். பாலத்தைத் தாண்ட என் கால் வரவில்லை.

எங்களுடையதும் அவளுடையதும் இலங்கையில் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்கள், ஒற்றை அறை வீடுகள். அங்கே நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியன். அம்மா இறந்துவிட்டிருந்தாள். அரசுகளின் ஒப்பந்தப்படி அப்பாவும் நானும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது பாக்கியமும் அவள் தாயாரும் அதே கப்பலில் வந்தார்கள். தாவணி போடத் தொடங்கிய வயது அவளுக்கு. தகப்பன் எப்போதோ இறந்துபோயிருந்தார். கப்பல் புறப்பட்டபோது பெண்கள் எல்லோரும் ஒப்பாரி வைத்தார்கள். பாக்கியத்தின் அம்மா மட்டும் அழவில்லை. அவளுக்குக் காய்ச்சல், தலையைத் தூக்க முடியவில்லை. மண்டபம் முகாமுக்கு வந்த சில நாட்களில் அவள் போய்விட்டாள். கடற்கரை மணலில் குழி வெட்டினோம். வெட்ட வெட்டச் சரிந்தது. மலையில் மண் அப்படிச் சரியாதே என்று அப்பா சொல்லிக்கொண்டே வெட்டினார்.

முகாமில் குடும்பம் குடும்பமாகத்தான் வேலைக்கு ஊர் ஒதுக்கினார்கள். தனியாக நிற்கும் பெண்ணை ஏதோ விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. எங்கள் முறை வந்தபோது அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேசை முன் நிறுத்தினார்.

"இது யாரு?" என்றார் அதிகாரி.

"எம் மவங்க."

"முன்னாடி ரெண்டு பேருன்னுதானே சொன்னீங்க?"

"அது மறதிங்க தொரை. கடல் தண்ணி குடிச்சா புத்தி பேதலிக்கும்னு சொல்லுவாங்க."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, படிச்சவன் மாதிரி இருக்கே. நீ சொல்லு. உன் தங்கச்சியா?"

"ஆமாங்க. என் தங்கச்சி" என்றேன்.

பாக்கியத்தின் குடும்பம் வேறு சாதி. அங்கே லயத்திலும் சாதி உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். கோயில் திருவிழாவில் யார் எங்கே நிற்பது என்பதற்கு வழக்கு நடந்திருக்கிறது. ஆனால் அந்த மேசைக்கு முன்னால் அப்பாவுக்கு அது நினைவுக்கு வரவில்லை, எனக்கும் வரவில்லை. எங்களைப் போல வந்தவர்களில் இப்படி அண்ணன் தங்கையானவர்கள், தாயும் பிள்ளையுமானவர்கள் பலர் உண்டு. முகாமில் அதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை.

நீலகிரிக்கு வந்து சேர்ந்தோம். இலங்கையில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குத் தப்பு அடிப்பார்கள். இங்கே சங்கு ஊதினார்கள். அங்கே நான் பள்ளிக்கூடத்து மாஸ்டர். இங்கே என் படிப்பு செல்லாது, மறுபடியும் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். நான் படித்த அந்தக் காலமெல்லாம் அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், பாக்கியம் கொழுந்து எடுத்தாள். மழை ஈரத்தோடு வந்து அடுப்பு மூட்டுவாள். நான் விளக்கடியில் உட்கார்ந்திருப்பேன். "அண்ணே, நீங்க பெரிய மாஸ்டராயிட்டா மொதல்ல எனக்கு ஒரு குடை வாங்கித் தாங்க. கம்பளியெல்லாம் நனைஞ்சு நாறுது" என்பாள். பரீட்சையில் தேறினேன். குடை வாங்கிக் கொடுத்தேன். அதை நினைத்து என்னை நானே பல காலம் மெச்சிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். முத்தையாவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தது அப்பாதான். தகப்பன் முறையில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே கட்டிக்கொடுத்தார். அதற்கு அடுத்த மழையில் அவரும் போய்விட்டார்.

அதன் பிறகு நான் மஞ்சூரில் குடியேறினேன். குன்னூரில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர் எனக்குப் பெண் கொடுத்தார். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் மலை ஏறிய குடும்பம். எங்கள் சாதியேதான். சிலோன்காரன் என்றாலும் வாத்தியார் என்று கொடுத்தார்கள். 'சிலோன்காரன் என்றாலும்' என்ற சொற்களை அந்தக் காலத்தில் நான் ஒரு நாளைக்கு ஒருமுறையாவது எங்காவது கேட்பேன். அதைக் கேட்டுக் கேட்டு, அந்தச் சொற்களுக்கு அப்பாலிருக்கும் ஆளாக ஆகிவிட வேண்டும் என்ற ஆசை எனக்குள் வளர்ந்தது. பேச்சை மாற்றிக்கொண்டேன். தேத்தண்ணி டீயானது. பொங்கலுக்குப் பாக்கியம் வந்தால், "ஊர்க்காரங்க" என்று மனைவி கோமதியிடம் சொன்னேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

சென்ற வருடமோ அதற்கு முந்தின வருடமோ, பாலத்தில் நின்றபோது கோவையிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் நீண்ட கேமராவோடு என்னருகே வந்தார்கள்.

"சார் லோக்கலா?" என்றான் ஒருவன்.

"இல்லப்பா, வெளியூரு."

"எங்கிருந்து வந்திருக்கீங்க?"

"மஞ்சூர்லருந்து."

இருவரும் சிரித்தார்கள். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு வாலாட்டியைப் பற்றிப் படித்தவர்களின் உற்சாகத்தோடு சொன்னார்கள். கோடை முடியும்போது வடக்கேயிருந்து கிளம்புகிறதாம். பெரும்பாலும் போன வருடம் இருந்த அதே ஓடைத் துண்டுக்கே திரும்பி வருகிறதாம். கோடை என்று அவர்கள் சொன்னது எனக்கு விந்தையாக இருந்தது. எங்கள் தலையில் ஆவணித் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவை விட்டு வந்த நாட்டில் கோடை முடிகிறது, வந்து சேர்ந்த நாட்டில் மழை முடியவில்லை. எனக்கு அது புதிதல்ல. பேசிக்கொண்டிருக்கும்போதே பாலத்துக்குக் கீழே இரண்டாவது வாலாட்டி ஒன்று வந்து இறங்கியது. முதலில் வந்து கல்லைப் பிடித்திருந்த குருவி கூரிய குரலில் கத்திக்கொண்டு அதன்மேல் பாய்ந்தது. புதிதாக வந்தது எழும்பி அடுத்த கல்லுக்குப் போனது. அங்கேயும் துரத்தியது. புதிய குருவி சண்டைக்கு நிற்கவில்லை. இறக்கையில் களைப்பு தெரிந்தது. அது ஓடை வளைவைத் தாண்டி மறையும்வரை முதல் குருவி விடவில்லை.

"ரெண்டும் ஒரே எடத்துலருந்து வந்ததா இருக்கலாம் சார். ஆனா முன்னாடி வந்தது பின்னாடி வந்தத உள்ள விடாது" என்றான் அந்த இளைஞன். பிறகு, தங்கள் கல்லூரிக்கு வந்து பறவைகளைப் பற்றி நான் ஒரு நாள் பேச வேண்டும் என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

வெற்றிலைத் தட்டோடு பாக்கியம் வந்த அன்று என் மாமனார் எங்கள் வீட்டில் இருந்தார். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில். பாக்கியம் சேலையைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகமாக உள்ளே வந்தாள். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் பெரியவளானால் தனியாக உட்காரவைக்கப் பச்சை ஓலையில் குச்சு கட்ட வேண்டும். அந்த ஓலையைத் தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும். மலையில் தென்னை கிடையாது. கீழே பர்லியார் வரைக்கும் போய்த்தான் வாங்கி வர வேண்டும்.

"அண்ணே, சாந்தி ஒக்காந்துட்டா" என்றாள். "ஓலை ஒங்க பொறுப்பு. அவ அப்பா போறேன்னாரு, மாமன் இருக்கையில நீ எதுக்குன்னு திட்டிப்புட்டு வந்தேன்."

கோமதி பாக்கியத்துக்குக் காபி கொண்டுவந்தாள். மாமனார் செய்தித்தாளை மடித்தார்.

"ஏனுங் மாப்ள, தங்கச்சி இருக்கறதச் சொல்லவே இல்லீங்களே?" என்றார். குரலில் கோபம் இல்லை. பாக்கியத்தை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஆளுங்க?"

அந்த அதிகாரி கேட்ட அதே கேள்விதான், வேறு வாயிலிருந்து. இந்த முறை என்னிடம் வீடு இருந்தது, வேலை இருந்தது, கேட்பவரின் மகள் பக்கத்தில் நின்றாள்.

"தங்கச்சியெல்லாம் இல்லீங்க மாமா. கேம்ப்புல எடம் கெடைக்கணும்னு எங்கப்பா பேருக்குச் சொன்னது. இவங்க வேற ஆளுங்க" என்றேன்.

மாமனார் கோமதியின் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். கோமதி அதை உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

பாக்கியம் தட்டை நீட்டியபடியே சற்று நின்றாள். பிறகு தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். "சரிங்க மாஸ்டர்" என்றாள். அதற்கு முன் ஒருநாளும் அவள் என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. அவள் மகளுக்கு ஓலை யார் கொண்டுவந்தார்கள், குச்சை எதில் கட்டினார்கள் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

மாமனார் இறந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. அவருக்குப் பயந்து செய்தேன் என்று சொல்லலாம். அவர் இறந்த பிறகு நான் பாலத்தைத் தாண்டாததற்கு அந்தக் காரணம் செல்லாது.

இந்த ஆவணியில் வாலாட்டி வந்து நாலைந்து நாளிருக்கும். பாலத்தில் நின்றபோது போஜன் தோட்டத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"வாத்தியாரே, குருவி என்ன சொல்லுது?"

"மழை விடும்னு சொல்லுது."

"அது வருசா வருசம் சொல்லுது, மழை கேக்க மாட்டேங்குது." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஞாயித்துக்கிழமை உங்க சிலோன் அம்மா ஊட்டுல விசேஷம். பேத்திக்கு. அந்த சாந்திப் பொண்ணோட பொண்ணு இல்ல, அதுக்கு. எனக்குச் சொல்லியாச்சு. உங்களுக்கு?"

"எனக்குச் சொல்லமாட்டாங்க."

"ஏன், சண்டையா?"

"நான் போட்ட சண்டை."

போஜன் மேலே கேட்கவில்லை. கேட்காமலிருப்பது அவருடைய மரியாதை.

வீட்டுக்கு வந்து கோமதியிடம் சொன்னேன். சாந்தி பாக்கியத்துக்கு ஒரே பெண். கூடப்பிறந்தவன் இல்லை. அந்தச் சிறுமிக்கும் ஓலை கொண்டுவரத் தாய்மாமன் இல்லை. கோமதி பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நானும் அன்னைக்கு வாயத் தொறக்கலீங்க" என்றாள் கடைசியில். "அந்த டம்ளரக் கொண்டுபோயி உள்ள வெச்சேனே, அது இன்னும் என்ர கையிலயே இருக்கற மாதிரி இருக்குதுங்க. நீங்க போங்க. எனக்கு மூட்டு வலி, பள்ளத்துல எறங்க முடியாது. போயி, நாஞ்சொன்னேன்னும் சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல?"

"அதைய நானறியேன். படிச்சவிக நீங்கதான்."

சனிக்கிழமை பர்லியாருக்குப் போனேன். குன்னூருக்குக் கீழே வளைவுகளில் இறங்க இறங்க ஸ்வெட்டர் கனத்தது. பாக்கும் பலாவும் தெரிந்தன. சாலையோரத் தோப்பு ஒன்றில் ஓலை வேண்டுமென்று கேட்டேன். தோப்புக்காரர் இரண்டு மட்டைகளை வெட்டிப் போட்டார். போதாது, குச்சு கட்ட வேண்டும் என்றேன். ஒரு கட்டாகக் கட்டிக் கொடுத்தார். மேலே வரும் பஸ்ஸில் ஏற்றப் பெரும்பாடு பட்டேன்.

"என்ன சார், இதைக் கூரை மேல போட்டா வண்டியே பந்தல் மாதிரி ஆயிருமே" என்றார் கண்டக்டர்.

"தாய்மாமன் ஓலைங்க."

"அப்படிச் சொல்லுங்க. எந்தக் காலத்துல இருக்கீங்க நீங்க?" என்று சொல்லிக்கொண்டே அவரே ஏணியில் ஏறிக் கட்டினார். தாய்மாமன் என்று சொன்னபோது என் குரல் தடுமாறவில்லை. கேட்டவருக்கு என்னைத் தெரியாததால் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓலைக்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கினேன். எழுபது வயது உடம்புக்கு அது சரியான வேலை அல்ல. தூறல் நின்று, மூடுபனி சரிவிலிருந்து மெல்ல எழுந்தது. மின்கம்பியில் தகைவிலான் குருவிகள் முதன்முதலாக வரிசையாக உட்கார்ந்திருந்தன; அவையும் வெளியூர்தான். தேயிலைக்குள்ளிருந்து பச்சைநிறச் சிறு குருவிகளின் சிணுங்கல் கேட்டது. எப்போதும் நின்று கேட்பேன். அன்று நின்றால் திரும்பிவிடுவேன் என்று பயந்து நடந்தேன். ஓடை ஓரத்தில் வாலாட்டி கல்லுக்குக் கல் எனக்கு முன்னால் தாவிக்கொண்டே போனது. அதன் எல்லை முடிந்த இடத்தில் திரும்பி என் தலைக்கு மேலாகப் பறந்து வந்த வழியே போய்விட்டது.

பாலத்தில் போஜன் வெள்ளைத் துண்டும் தலைப்பாகையுமாக விசேஷத்துக்குக் கிளம்பி நின்றார்.

"வாத்தியாரே, குருவி பாக்க ஓலை எதுக்கு?"

"அந்தப் பக்கம் போறேன்."

போஜன் வந்து கட்டின் பின்நுனியைத் தூக்கிக்கொண்டார். அப்படித்தான் நான் பாலத்தைத் தாண்டினேன். பின்னால் ஒருவர் தள்ளிக்கொண்டு வந்ததால்.

லயத்து வாசலில் சாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் பரப்பியிருந்தார்கள். சிறுமியின் படம் போட்ட பெரிய ஃபிளெக்ஸ் காற்றில் படபடத்தது. அவளே பட்டுப் பாவாடையில், எல்லோருக்கும் நடுவில், தோழிகளோடு செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். குச்சு எதுவும் இல்லை. குச்சு கட்ட இடமும் ஒதுக்கவில்லை. ஓலைக்கட்டோடு நான் நின்ற கோலத்தைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள்.

முதலில் வந்தவள் சாந்தி. பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். முகத்தில் அவள் அம்மா அப்படியே இருந்தாள்.

"வாங்க சார்" என்றாள். ஓலையைப் பார்த்தாள். "குச்செல்லாம் இல்லீங்க சார். என் புள்ளயத் தனியா ஒக்கார வெக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லிட்டேன்."

"சரிம்மா."

"என்னைய வெச்சாங்கல்ல. தென்னோல கெடைக்கலன்னு அம்மா தைலம் எடுக்குற கற்பூர மரத்துத் தழைய வெட்டியாந்து கட்டுச்சு. அந்த நெடியில கண்ணு எரிஞ்சு தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கும். பொண்ணு அழுவுறா, அழுவுறான்னு எல்லாம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போவாங்க. ஸ்கூலுக்குப் போனா தைலக்காரின்னு கூப்புட்டாங்க." சொல்லும்போது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "இன்னிக்கும் சளி புடிச்சா நான் தைலம் தொட மாட்டேன் சார்."

"அந்த ஓலை நான் கொண்டுவந்திருக்க வேண்டியது" என்றேன்.

"தெரியுங்க சார். அம்மா சொல்லிருக்கு." அதற்குமேல் அவள் குத்திக்காட்டவில்லை. "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த விருந்தாளியைப் பார்க்கப் போனாள்.

பாக்கியம் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. பைனாகுலரில் அது தெரிந்ததில்லை. "வாங்க மாஸ்டர்" என்றாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மேடையில் பேசுவது போலப் பல வருடம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன், வாயில் வந்தது இவ்வளவுதான்: "மாமா கேட்டதுக்கு நான் சொன்னது பொய், பாக்கியம். அப்பா கேம்ப்புல சொன்னதுதான் நெசம். கோமதியும் மன்னிப்புக் கேக்கச் சொன்னா."

அவள் ஓலையின் ஒரு கீற்றைப் பிடித்து விரலால் நீவிப் பார்த்தாள். "பர்லியாரா?" என்றாள்.

"ஆமா."

"நல்ல பச்சை." பிறகு, "மொதல்ல குந்துங்க. மூச்சு வாங்குது ஒங்களுக்கு" என்றாள்.

சாந்தியின் மாமியார் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அந்த அம்மாளுக்கு ஓலையைப் பார்த்ததும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "சம்பந்தி, இவரு யாருங்க? சாந்திக்கு மாமன் முறையா? கல்யாணத்தப்போ யாருமே இல்லைன்னுதானே சொன்னீங்க?"

முகாம் மேசைக்கு முன்னால் ஒருமுறை, என் வீட்டுக் கூடத்தில் ஒருமுறை. இப்போது பதில் சொல்ல வேண்டியவள் அவள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பாக்கியம் அவசரப்படவில்லை. "இல்லீங்க சம்பந்தி" என்றாள். "இவரு கப்பல்ல கூட வந்தவரு."

அந்த அம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது. தலையாட்டிவிட்டு இனிப்பை எடுத்துக்கொண்டார். எனக்கும் அது போதுமா என்று அப்போதிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதில் வஞ்சம் இல்லை, பொய்யும் இல்லை. நான் கேட்டு வந்தது அதுவல்ல, அவ்வளவுதான். அவள் கொடுக்கக்கூடியது எவ்வளவோ அதை அளந்து கொடுத்தாள். மறுக்க எனக்கு உரிமை கிடையாது. பந்தியில் பாக்கியத்தின் வீட்டார் ஒரு பக்கமும் சாந்தியின் கணவன் வீட்டார் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். போஜன் என்னைத் தன்னருகே அழைத்து உட்காரவைத்துக்கொண்டார்.

மத்தியானம் கூட்டம் கலைந்தது. விடைபெறலாம் என்று எழுந்தபோது பாக்கியம் கொண்டை முடிந்துகொண்டு வந்தாள்.

"ஓலைய வீணாக்க வேணாம். ஆட்டுப் பட்டிக்கு மேக்கால ஒரு மறைப்பு வேணும். குட்டி போட்டிருக்கு, காத்து உள்ளுக்க வந்து அடிக்குது. கட்டத் தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாது."

"எனக்குந்தான் தெரியாது. லயத்துல பொறந்தவளுக்குத் தகரம்தான் தெரியும். வாங்க."

வீட்டுக்குப் பின்னால் சரிவில் இருந்தது பட்டி. மூங்கில் குச்சிகள் நட்ட பக்கச் சுவர். குச்சிக்குக் குச்சி கை நுழையும் இடைவெளி. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு ஆடுகளோடு உள்ளே போனாள். நான் வெளியே பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி நின்று ஓலையைத் தூக்கிச் சாத்தினேன். சாத்தியதும் அவள் மறைந்துவிட்டாள். கயிற்று நுனியை ஓலைக்குள் செருகினேன். உள்ளிருந்து ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. குச்சியைச் சுற்றி வளைத்து, கொஞ்சம் தள்ளி மறுபடி வெளியே நீட்டினாள். நான் பிடித்து இழுத்தேன். மீண்டும் செருகினேன். மழை தொடங்கிவிட்டது. என் முதுகு நனைந்தது. ஓலையில் சாய்ந்திருந்த நெஞ்சுப் பக்கம் நனையவில்லை. உள்ளே குட்டி ஒன்று கத்தியது, அவள் அதை ஏதோ சொல்லி அதட்டினாள். கயிறு மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஒருமுறை நான் தளர்வாகப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க" என்றது உள்ளிருந்து குரல். "ஐப்பசிக் காத்துக்கு நிக்கணும்."